பொன்னிக்காக மண்ணுக்கடியில் ஒரு வேலி

எங்கள் பழைய பூனை கருப்பி கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு ஓடியபோது ஒரு வேன் அடித்துவிட்டது. சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் செராங்கூன் கார்டனில் தெருக்கள் குறுகல். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். நடுவிலிருந்து பாயும் பூனையை ஓட்டுபவர் பார்க்கவே வழியில்லை. அதனால் அடுத்த பூனை பொன்னியை, வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்த்தோம். மைக்ரோசிப் போட்டு லைசன்ஸும் எடுத்தாயிற்று. ஆனால் சாயங்காலமானால் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் போடும் சத்தம் தாங்காது.

அப்போதுதான் மண்ணுக்கடியில் வயர் புதைக்கும் மின்வேலி பற்றித் தெரிந்தது. டிரான்ஸ்மிட்டர் என்ற பெட்டி அந்த வயரில் சிக்னல் அனுப்பும். பூனை வயரை நெருங்கினால் அதன் கழுத்துப்பட்டை முதலில் பீப் அடிக்கும், மீறிப் போனால் லேசாக ஷாக் கொடுக்கும். இதைச் சொன்னதும் அம்மா, "ஏம்மா, அதுக்குக் கரண்ட் ஷாக் வைக்கப் போறியா?" என்றார். எனக்கும் அதே உறுத்தல்தான். வேல்ஸில் 2010லேயே இந்த மாதிரிக் கழுத்துப்பட்டைகளைத் தடை செய்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு ஒரு மாதம் யோசித்தேன். எச்சரிக்கும் பீப் ஒலியை மட்டும் வைத்துப் பழக்குவது, முடியாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் வாங்கினேன். பொன்னி 3.6 கிலோ. நான் வாங்கிய மாடலை 2.7 கிலோவுக்குக் குறைந்த பூனைக்குப் போடக்கூடாது.

பெட்டியைத் திறந்தால் அமெரிக்க அடாப்டர், 120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகியிருந்தால் அன்றே கருகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் முதலில் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பும் வயர் சுற்றிவந்து அங்கேயே திரும்ப வேண்டும். எங்களது செமி-டி, அதாவது இரட்டை வீடு. ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், மற்ற மூன்று பக்கம்தான் திறந்த இடம். அதனால் வயர் போன பக்கமாகவே திரும்ப வேண்டும். ஆனால் இரண்டும் ஒட்டியே ஓடினால் ஒன்றின் சிக்னலை மற்றது தின்றுவிடும். ஆகவே போகும் வயரை மதிலோரம் மண்ணில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து, திரும்பும் வயரை ஒன்றரை மீட்டர் மேலே, மதிலின் உச்சியில் கிளிப் அடித்துக் கொண்டுவந்தோம். மதில் ஏறும் பூனைக்கு இது இன்னும் நல்லது. பொது மதிலில் ஆணி அடிக்கும் முன் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டேன். கார் நிற்கும் சிமென்ட் தரையை அறுக்க மனம் வரவில்லை. சிமென்ட் பலகைகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியிலேயே வயரை அழுத்தி, மேலே சிலிக்கான் பூசினோம். லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயைத் தாண்டும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் விட்டோம்.

வயர் வீட்டுக்குள் நுழையும் பகுதியில் சிக்னல் இருக்கக்கூடாது. அதற்கு இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். முனையை டிரில் மெஷினில் மாட்டி என் தம்பி முறுக்கினான். கையால் செய்தால் விரல் வலி எடுத்திருக்கும்.

பட்டையைப் பூனைக்குப் போடும் முன் நானே கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். தோட்டத்தில் மதிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் பீப் வந்தது, சரி. ஆனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் அருகிலும் பீப்! நெஞ்சு பதறிப்போனது. பின்பக்கச் சுவரில் எங்கள் வயர் வீட்டு மின்கேபிளை ஒட்டியே இரண்டு மீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னல் அந்தக் கேபிளில் தொற்றி உள்ளே வந்துவிட்டது. அந்தப் பகுதியைப் பிரித்து, கேபிளைக் குறுக்கே மட்டும் கடக்கும்படி மாற்றியதும் நின்றது. சோதிக்காமல் போட்டிருந்தால் தன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே அவள் நடுங்கியிருப்பாள்.

மிகக் குறைந்த ஷாக்கை என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். எறும்பு கடித்ததுபோல் சுள்ளென்றது. அன்றைக்கே அதை அணைத்தேன்.

பழக்குவதற்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் பேட்டரி இல்லாமல் வெறும் பட்டை. இழுத்தால் நீளும் எலாஸ்டிக் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும், கிளையில் மாட்டினாலும் கழுத்தை நெரிக்காது. பிறகு எல்லை நெடுக வெள்ளைக் கொடிகள் நட்டு, உடலில் மாட்டும் வாரில் பிடித்துக் கூட்டிப் போவேன். பீப் கேட்டதும் மெல்லத் திருப்பி, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். பதினோராம் நாள், கறிவேப்பிலைச் செடியருகே பீப் வந்தது. நான் வாரைத் தொடவே இல்லை. காது இரண்டும் பின்னால் மடிய, ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்றாள். பிறகு தானே திரும்பி என் காலடியில் வந்து கோழித்துண்டுக்கு அண்ணாந்து பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடிகளை இரண்டிரண்டாக எடுத்துவிட்டேன். இரவில் பட்டையைக் கழற்றி, கழுத்தில் புண் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்ப்பது தினசரி வேலை. இடி கேட்டால் டிரான்ஸ்மிட்டர் பிளக்கைப் பிடுங்குகிறோம், அப்போது பொன்னி உள்ளேதான். போன மாதம் பாண்டான் செடி நடும்போது மண்வெட்டியால் வயரை நானே அறுத்துவிட்டேன். டிரான்ஸ்மிட்டர் கத்திய கத்தலில்தான் தெரிந்தது.

இந்த வேலி பொன்னியை உள்ளே நிறுத்தும், தெருப் பூனை உள்ளே வருவதைத் தடுக்காது. முந்தாநாள் ஒரு சாம்பல் கடுவன் மதில் தாண்டிக் குதித்து அவளைத் துரத்தியது. அதனால் மாலை ஐந்தரைக்கு நானோ அம்மாவோ நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கிரில் கதவைத் திறக்கிறோம். விளக்கு வைக்கும் நேரம் அம்மா ஒருமுறை கூப்பிட்டால் போதும், உள்ளே வந்துவிடுகிறாள்.