மானியத்தைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்

தொழிற்பேட்டையில் மனை பார்க்க வருகிறவரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என் வேலையில் பாதி. அவர் ஊர் திரும்பிய பிறகு அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் தேடி அலைவது மீதிப் பாதி. மதுரையை நடுவில் வைத்து, கப்பலூர், உறங்கான்பட்டி, நிலக்கோட்டை, மானாமதுரை, தெற்கே கங்கைகொண்டான் வரை பேட்டைகளையும், அவற்றுக்கு வெளியே தனியார் நிலங்களையும் பலருக்குக் காட்டியிருக்கிறேன். சென்னை, கோவை, புனே என்று எங்கிருந்து வந்தாலும் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. மானியத்தைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள். சிலர் கேட்பதே இல்லை. அது அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

தொழில் தொடங்க அழைக்கிற நாமோ முதலில் நீட்டுவது அந்த மானியக் காகிதத்தைத்தான். 2014-ஆம் ஆண்டுத் தொழில் கொள்கையில் தென் மாவட்டங்களுக்கென்று தனிச் சலுகைகள் இருந்தன. தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டின் நிலத்தைப் பாதி விலையில் தருவதும் அவற்றில் ஒன்று. 2021-இல் வந்த கொள்கை மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, தொழில் குறைந்த மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது. இதில் தவறு ஒன்றுமில்லை. தென் மாவட்டங்களுக்குத் தொழில் வேண்டும் என்ற பேச்சுக்கு வலி மிகுந்த வரலாறும் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சாதி மோதல்கள் வெடித்தபோது அமைக்கப்பட்ட நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு, வேலையில்லாத இளைஞர்களை மனத்தில் வைத்து, இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு வந்த எல்லா அரசுகளும் அதைத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

முதலீட்டாளர் மாநாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-இல் 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கும், 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கும் சென்னையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கையெழுத்து ஆவதற்கும் கடைக்கால் தோண்டுவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு நடக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் எழுத வந்தேன்.

முதலில் மண். திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் ஒரு நிலம். நான்கு வழிச்சாலைக்குப் பக்கம், விலை மலிவு, ஒரே உரிமையாளர். தரகர் சொன்ன அத்தனையும் உண்மை. பார்க்க வந்தவர் கோவைக்காரர்; துல்லியமாகக் கடைந்தெடுத்த உதிரிபாகங்கள் செய்கிறவர். சித்திரை வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் சாலையையும் பார்க்கவில்லை, நான் கையில் வைத்திருந்த வரைபடத்தையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தார், ஒரு வெடிப்பின் ஓரம் குந்தினார், டேப்பை உள்ளே இறக்கினார். இரண்டடிக்கு மேல் தடையில்லாமல் போனது. நிமிர்ந்து, "இதன் மேல் எந்திரத்தை நிறுத்தினால் மட்டம் நிற்குமா?" என்று கேட்டார்.

நிற்காது. மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண் அது. கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு கிராவல் அடிக்க வேண்டும், அல்லது அடிப்பகுதி அகன்ற பைல்களை, அதாவது மண்ணுக்குள் போகும் கான்கிரீட் தூண்களை, ஆழமாக இறக்கி, அவற்றின் மேல் தளத்தை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். நிலத்தில் மிச்சம் பிடித்ததை அஸ்திவாரம் தின்றுவிடும். அதே கோவைக்காரர் செம்மண்ணும் பாறையுமாக இருக்கும் மேலூர்ப் பக்கத்தில் கூடுதல் விலைக்கு இடம் கேட்டார். அவர் கணக்கு சரிதான். ஏக்கர் விலையை மட்டும் அட்டவணை போட்டு, மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அனுப்பும் நம் கையேடுகள்தான் சரியில்லை.

அடுத்தது மின்சாரம். மதுரையைச் சுற்றி ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு ஆலைகள் நிறைய. அச்சில் கலவையை வைத்து, 150 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பிரஸ் அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டால், உள்ளே இருப்பது பாதி வெந்த சரக்கு. தூக்கி எறிய வேண்டியதுதான். கந்தகம் சேர்ந்து வெந்த ரப்பரை மறுபடியும் உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒரு பெரியவர் மனை பார்க்க வந்தபோது, துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று ஆயத்தமாக வைத்திருந்த பதிலை நான் சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. பக்கத்து ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்துபோய், அவர்களுடைய ஜெனரேட்டர் புகைக்குழாய் இருக்கும் இடத்தில் நின்றார். குழாய்க்கு மேலே சுவரில் கரி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிக்கொண்ட கரி புதிது. "நேற்றும் ஓட்டியிருக்கிறார்கள்" என்றார். மின்வாரியத்தின் எந்தப் புள்ளிவிவரமும் அந்த விரலுக்கு முன் எடுபடவில்லை.

தண்ணீரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வைகையை நம்பி ஆலைக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உப்பு. கங்கைகொண்டானில் டயர் ஆலையும், டாடா குழுமத்தின் சூரிய மின்தகடு ஆலையும் வந்திருப்பதற்கு ஒரு காரணம், நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒட்டிப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தாமிரபரணியும் இருப்பது. அந்த அதிர்ஷ்டம் நமக்கு இல்லை. ஆகவே தண்ணீர் அதிகம் குடிக்காத தொழில்களைத் தேடிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள், அடுத்த வாரமே சாயப்பட்டறைக்காரரிடமிருந்து விசாரணை வந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு போன் செய்வார்கள்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சுத்தமாக இருந்தும் ஒரு நிலம் கைநழுவிப் போகலாம். பெரும்பாலும் பாதையால் போகும். லாரி போய் வருகிற அகலத்தில் கண்ணெதிரே சாலை இருக்கும். புல எல்லை வரைபடத்தை விரித்தால் அது வண்டிப்பாதை. பாதிவழியில் ஓடைப் புறம்போக்கு குறுக்கிடும். ஓடையின் மேல் சிறு பாலம் கட்ட அனுமதி வாங்குவதற்குள் வந்தவர் ஓசூருக்குப் போய்விடுவார். சிப்காட் பேட்டைகளுக்கும், சிறுதொழில்களுக்கான அரசு நிறுவனமான சிட்கோவின் பேட்டைகளுக்கும் பெரிய பலம், இந்தப் பாதைத் தொல்லை இல்லாததுதான். சிப்காட்டில் 99 ஆண்டுக் குத்தகை என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, சொந்தம் இல்லையே என்று. தனியார் நிலத்தில் ஒரு முறை பாதை வழக்கில் மாட்டியவர் சுளிக்க மாட்டார்.

கிராமத்தாரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இருக்கும் பயம் பெரும்பாலும் வீண். ஒரு மனையின் தென்மேற்கு மூலையில் கருப்பசாமி பீடம் இருந்தது. கல் ஒன்று, அரிவாள் இரண்டு, வேப்பமரம். வாங்க வந்தவர் வேண்டாம் என்று காரில் ஏறிவிட்டார். கோயிலைத் தொட்டால் கலவரம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கும்பிடுகிற பங்காளிகளைத் தேடிப் போய்ப் பேசினோம். அவர்களில் மூத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மாசிச் சிவராத்திரிக்கு மதுரை, திருப்பூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள் ஐயா. பொங்கல் வைக்க இடமும், ஆடு கொண்டுவர வழியும் விட்டால் போதும்." சுற்றுச்சுவரை அந்த மூலையில் உள்வாங்கிக் கட்டினார்கள். சில சென்ட் நிலம் குறைந்தது. ஆலையின் முதல் காவலாளி அந்தப் பங்காளிகளில் ஒருவர்.

ஆனால் ஊரே எதிர்த்து நிற்கிற இடங்களும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் நம்முடைய காகிதம். திருமங்கலம் அருகே சிவரக்கோட்டை, கரிசல்காளம்பட்டி, சுவாமிமல்லம்பட்டி ஊர்களில் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க முனைந்தபோது மானாவாரி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். காகிதத்தில் அது தரிசு; போய்ப் பார்த்தால் குதிரைவாலியும் சோளமும் பருத்தியும். கரிசல்காட்டுக்கு ஐப்பசி மழை ஒன்று போதும். கோடையில் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு அது வெறுங்காடாகத்தான் தெரியும். தொழில் வேண்டும் என்று பேசிப் பிழைக்கிறவன்தான் நான். ஆனாலும் அந்தப் போராட்டத்தில் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023-இல் ஒப்பந்தமானபோது, நிலம் ஏற்கெனவே சிப்காட்டின் கையில் இருந்தது. அந்த ஒரு வசதியின் அருமை நிலமெடுப்பில் அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். நல்ல மண், நல்ல சாலை, மின்சாரம் எல்லாம் உள்ள பேட்டைகளுக்குள்ளேயே சீமைக்கருவேலம் மண்டிய மனைகள் இருக்கின்றன. எந்தப் பேட்டை என்று பெயர் சொல்ல வேண்டாம்; உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒதுக்கீடு பெற்றவர் குறித்த காலத்துக்குள் கட்டடம் கட்டி உற்பத்தியைத் தொடங்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்பது நிபந்தனை. நடப்பது வேறு. நான்கு கல்தூண், முள்வேலி, "இம்மனை இன்னாருக்குச் சொந்தம்" என்று ஒரு தகரப் பலகை. கேட்டால் வங்கிக் கடன் வரவில்லை, பங்குதாரர் விலகிவிட்டார் என்று ஒரு மனு. கால நீட்டிப்பு. மறுபடியும் மனு. விலை ஏறக் காத்திருக்கிறார் என்பது பேட்டை டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். நாமோ புதிய பேட்டைக்குக் கிராமத்து நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதனால் முதலில் அடிபடுகிறவர், உள்ளே ஏற்கெனவே ஒழுங்காகத் தொழில் செய்கிறவர். ரப்பர் பாகங்கள் செய்யும் ஒருவர் பக்கத்து மனையைக் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனார். இரண்டு பிரஸ்கள் கூடுதலாகப் போட ஆர்டர் கையில் இருந்தது. வேலியைத் தாண்டினால் காலி நிலம். கடைசியில் விருதுநகர் மாவட்ட எல்லையில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, கலவையை இங்கே அரைத்து அங்கே கொண்டுபோய் அச்சில் போடுகிறார். ஒவ்வொரு நடைக்கும் டீசல் செலவு. போதாக்குறைக்குக் கப்பலூர் சுங்கச்சாவடி, அதை அகற்றச் சொல்லி திருமங்கலம் மக்களும் பேட்டைக்காரர்களும் எத்தனையோ முறை மறியல் செய்த பின்னும், வழியில் நிற்கிறது.

மதுரையில் ரப்பர் தொழில் வேரூன்றியதற்கு எந்த மாநாடும் காரணமில்லை. 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ரப்பர், டயர் ஆலைகளிலும், கோச்சடை பெல்ட் ஆலையிலும் வேலை கற்றவர்கள் பலர் வெளியே வந்து சின்னச் சின்னப் பட்டறை போட்டார்கள். கலவைக்காரர், அச்சு செய்கிறவர், பிசிறு வெட்டிக் கொடுக்கும் பெண்கள் என்று ஒன்றைச் சுற்றி ஒன்று வளர்ந்தது. வெளியூரிலிருந்து ரப்பர்காரர் யாராவது வந்தால் நான் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பட்டறைக்காரர்களில் ஒருவரிடம் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பெண் பார்க்க வந்தவர்கள் எப்படியும் பக்கத்து வீட்டில் விசாரிக்கத்தான் போகிறார்கள். நாமே கூட்டிப்போய் விடுவது மேல். பக்கத்து மனை கிடைக்காமல் நொந்துபோன அந்த மனிதரிடம் மட்டும் யாரையும் கூட்டிப் போவதில்லை. போனால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஆள் கிடைப்பார்களா என்பது இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து இளைஞர்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். பெண்கள் அவ்வளவாகப் போவதில்லை, ஆனால் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரமாக இருந்தால் வருகிறார்கள். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதற்குப் பிறகு இந்தத் தூரம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் பஸ்ஸுக்கே போய்க்கொண்டிருந்தது நின்றதால், முன்பு ஆளே கிடைக்காத கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவதாக ஆலை மேலாளர்கள் சொல்கிறார்கள். தொழில் மானியத்தில் சேராத செலவு இது. தொழிலுக்கு இதைவிட அதிகம் உதவிய மானியத்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் பஸ் வருகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பேட்டையில் முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்தப் பக்கத்து முதல் பஸ் வந்து சேர்வதோ ஆறே காலுக்கு மேல். பெண்களை எடுத்த ஆலை ஒன்று வேறு வழியில்லாமல் ஷிப்டை ஆறரைக்குத் தள்ளியது. பக்கத்து ஆலையும் அப்படியே செய்தது. இப்போது மாலை ஷிப்ட் முடிகிற நேரம் கடைசி பஸ்ஸைத் தாண்டிப் போய்விட்டதால், அதற்கு மட்டும் வேன் வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ்ஸை அரை மணி நேரம் தாமதமாக விடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் மனை பார்க்க ஒரு குழு வருகிறது; அவர்கள் அனுப்பிய கேள்விப் பட்டியலில் மூன்றாவது கேள்வியே பஸ் நேரம்தான்.