ட்ரெய்லர் டயரும் டேஷ்போர்டு மேல அந்த சின்ன ஸ்க்ரீனும்

அரிசோனால ஆர்வி (வீடு மாதிரி தங்குற மோட்டார்ஹோம், இழுத்துட்டுப் போற ட்ரெய்லர்) சர்வீஸ் ஷாப்ல வேலைன்னா வருஷத்துக்கு ரெண்டு சீசன். குளிர்காலத்துல கனடாலருந்தும் மினசோட்டா பக்கத்துலருந்தும் ஸ்னோபேர்ட்ஸ், அதாவது குளிருக்குத் தப்பி வர்றவங்க, வந்து இறங்குவாங்க, ஜனவரில குவார்ட்ஸைட்ங்கற ஊரோட பாலைவனம் பூரா ஆர்வியா நிக்கும். கோடைல நேர் எதிர், ஃபீனிக்ஸ்காரங்க 110 டிகிரி வெயில் தாங்காம ட்ரெய்லர மாட்டிக்கிட்டு ஃப்ளாக்ஸ்டாஃப் மலைக்கு ஓடுவாங்க (இங்க டிகிரின்னா ஃபாரன்ஹீட்தான், நானும் அதுலயே சொல்லிட்டுப் போறேன்). டயர் பஞ்சாயத்து பெரும்பாலும் இந்த ரெண்டாவது சீசன்லதான் வரும்.

கார் மட்டும் ஓட்டிப் பழகினவங்களுக்கு இது சட்டுன்னு புரியாது. 2007 செப்டம்பர்லருந்து அமெரிக்காவுல தயாராகுற கார், சின்ன பிக்கப் எல்லாத்துலயும் டயர் ப்ரஷர் வார்னிங் கட்டாயம், ஆனா அந்த விதி 10,000 பவுண்டு வரைக்கும் உள்ள வண்டிக்குத்தான், ட்ரெய்லருக்குக் கிடையவே கிடையாது, பெரிய மோட்டார்ஹோமுக்கும் கிடையாது. ட்ரெய்லர் கம்பெனி தானா போட்டுக் குடுத்தா உண்டு, இல்லனா நாமதான் வாங்கி மாட்டணும். அதாவது இழுக்கிற வண்டியோட டயர் நிலவரம் கண்ணு முன்னாடி தெரியும், பின்னாடி அவ்ளோ வெயிட்டோட ஓடி வர்றது எப்படி இருக்குன்னு ஒண்ணும் தெரியாது.

ரெட்டை ஆக்ஸில் ட்ரெய்லர்ல (ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமா ரெண்டு சக்கரம்) ஒரு டயர்ல காத்து இறங்கினா ஓட்டுறவருக்கு ஸ்டியரிங்ல ஒண்ணும் தெரியாது, ஏன்னா பக்கத்து டயர் அந்த வெயிட்டையும் சேத்து தூக்கிக்கும், இறங்கின டயரோட சைடுவால் (பக்கச் சுவர்) மடங்கி மடங்கி சூடாகிக்கிட்டே ஓடும், கடைசில பட்டன், அதாவது ரோட்டுல படுற ரப்பர், பிச்சுக்கிட்டு சாட்டை மாதிரி சுத்தும்போது ஃபெண்டர், வயரிங், தண்ணி பைப், சில நேரம் கேஸ் லைன் வரைக்கும் கிழிச்சுட்டுப் போயிடும். ஷாப்புக்கு வந்ததும் டயர் செலவ விட இந்த ரிப்பேர் செலவுதான் ஆளக் கொல்லும். ரெட்டைப் பாரம் சுமந்த பக்கத்து டயரையும் மாத்திடுங்கன்னு சொன்னா பாதிப்பேர் நாம வியாபாரம் பண்றோம்னு ஒரு பார்வை பாப்பாங்க. பரவால்ல, நான் சொல்லிடுவேன்.

இதுக்குத்தான் டயர் மானிட்டர், ஒவ்வொரு டயர்லயும் ஒரு சென்சார், அதோட ப்ரஷரையும் சூட்டையும் டேஷ்போர்டு மேல ஒரு சின்ன ஸ்க்ரீன்ல காட்டும். வால்வு மேல மூடி மாதிரி திருகிற சென்சார்தான் நிறைய பேர் வாங்குறது, டயர கழட்ட வேண்டாம்னு. வண்டி நீளமா இருந்தா பின்னாடி டயர் சிக்னல் முன்னாடி வந்து சேராது, நடுவுல சிக்னல வாங்கி முன்னாடி அனுப்புற ஒரு ரிப்பீட்டர் வைக்கணும். அதுல ஒரு சின்ன விஷயத்த யாரும் கவனிக்க மாட்டாங்க, சாதா ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்குத்தான் (பிஎஸ்ஐங்கறது காத்தழுத்த அளவு), அத 80 அடிக்கிற டயர்ல வச்சு அதுக்கு மேல சென்சார் வெயிட்டையும் ஏத்திக்கிட்டு வருவாங்க. மெட்டல் வால்வு போட்டுட்டு அப்புறம் சென்சார் மாட்டுங்க. திருகும்போது மரையில கொஞ்சம் ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்கத் தடவுற பேஸ்ட்) தடவுங்க, இல்லனா ரெண்டும் பிடிச்சுக்கிட்டு அடுத்த வருஷம் கழட்டும்போது வால்வோட வரும்.

கோடைல வர்ற போன்ல அதிகமா வர்றது ஃப்ளாக்ஸ்டாஃப் போன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் காலைல கடை திறந்ததும் கூப்பிட்டாரு, நாலு டயர்லயும் அலாரம் அடிக்குது, ராத்திரி யாரோ காத்த இறக்கி விட்டுட்டாங்கன்னு. லோ அலாரத்த 76ல வச்சிருந்தாரு, ஸ்க்ரீன் நாலுலயும் 75 காட்டுது. அவர் ஃபீனிக்ஸ்ல 95 டிகிரி இருந்த காலைல 80 அடிச்சிருக்காரு, மலை மேல விடியும்போது 50 டிகிரி. பத்து டிகிரி குறைஞ்சா 80 பிஎஸ்ஐ டயர்ல கிட்டத்தட்ட ரெண்டு பிஎஸ்ஐ போயிடும், 45 டிகிரிக்கு ஏழரை சொச்சம் போகணும், ஆனா ஃபீனிக்ஸ் 1,100 அடி, ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000 அடி, மேல வெளிக்காத்தோட அழுத்தம் கம்மிங்கறதால கேஜ் கிட்டத்தட்ட மூணு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். கழிச்சுக் கூட்டினா 75. யாரும் காத்த இறக்கல சார், அங்கயே குளிர்ந்த டயர்ல திரும்ப 80 அடிச்சுக்கோங்க, கீழ வந்த மறுநாள் காலைல திரும்பப் பாத்து சரி பண்ணுங்கன்னு சொன்னேன்.

அவரே முந்தின நாள் மலைக்குப் போற ஐ-17 ஹைவேல சன்செட் பாயிண்ட் ஏத்தத்துல 90 தாண்டுதேன்னு பயந்து காத்த இறக்கிவிடப் பாத்தாராம், நல்ல வேளை வீட்டம்மா தடுத்துட்டாங்க. ஓடி சூடான டயர்ல ப்ரஷர் ஏறத்தான் செய்யும், அத இறக்கினா ஆறினப்புறம் டயர் காத்து பத்தாம நிக்கும், காத்து பத்தாத டயர் இன்னும் சூடாகும். சைடுவால்ல போட்டிருக்கிற நம்பர் கோல்டு ப்ரஷர், வண்டி நின்னு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும்.

டெம்பரேச்சர் விஷயத்துலதான் எனக்கும் கஸ்டமருக்கும் எப்பவும் வாக்குவாதம். நிறைய செட்ல அலாரம் 158 டிகிரிக்கு வச்சு வருது, அது வரைக்கும் கவலையில்லைன்னு அவங்க நினைச்சுக்கிறாங்க. ஆனா மூடி சென்சார் வெளிக்காத்துல நிக்குது, உள்ள டயர் அத விட நல்லா சூடா இருக்கும். அதனால நம்பர மனப்பாடம் பண்ணாதீங்க, பக்கத்து டயரோட ஒப்பிட்டுப் பாருங்க. வெயில் படுற பக்கம் ரெண்டு டயரும் சேந்து கொஞ்சம் கூட இருக்கும், அது சகஜம். ஒண்ணு மட்டும் தனியா ஏறினா அங்க ஏதோ இருக்கு. ப்ரஷர் குறைய சூடு ஏறினா டயர்ல காத்து போகுது, சூடும் ப்ரஷரும் சேந்து ஒரே டயர்ல ஏறினா ஹப்ப (பேரிங்கும் பிரேக்கும் இருக்கிற சக்கரத்தோட நடுப்பகுதி) சந்தேகப்படுங்க. இப்படித்தான் ஒருத்தர், பின்னாடி இடது டயர் மத்ததவிட 25 டிகிரி கூட காட்டுது, சென்சார் கெட்டுப்போச்சுன்னு புது சென்சார் வாங்க வந்தாரு. எங்க சீனியர் மெக்கானிக் சென்சார தொடவே இல்ல, வண்டிய ஜாக்கில ஏத்தி சக்கரத்த கையால சுத்தினாரு, சுத்த மாட்டேங்குது. டிரம்ம கழட்டினா பிரேக் ஷூ உரசிக்கிட்டே வந்திருக்கு, கிரீஸ் கருகி, பேரிங் ரோலர் நீலம் பாஞ்சு கிடந்துச்சு. அலாரம் அடிக்கவே இல்ல, 158 வரலியே.

மானிட்டர் சொல்லாதது ஒண்ணும் இருக்கு. பட்டன் உள்ளுக்குள்ள பிரிய ஆரம்பிச்சா ப்ரஷர் அப்படியே இருக்கும், ஸ்க்ரீன் எல்லாம் சரின்னு சொல்லும், அஞ்சு நிமிஷத்துல வெடிக்கும். அதுக்கு கண்ணாலயும் கையாலயும்தான் பாக்கணும், வீக்கம் இருக்கா, வெடிப்பு இருக்கான்னு. ஊர்ல லாரி கிளீனர் ராடால டயர தட்டிப் பாப்பாரே, இங்க ட்ரக் ஸ்டாப்ல அதுக்குன்னே கட்டை விக்கிறாங்க, ஆனா காத்து சுத்தமா போன டயரத்தான் அது காட்டிக் குடுக்கும், 80ல 60 இருந்தா சத்தத்துல பிடிபடாது.

வயசையும் பாருங்க. டயர் சைடுவால்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற நம்பரோட கடைசி நாலு இலக்கம், 2319ன்னா 2019ல 23வது வாரம். ட்ரெய்லர் பாதி நாள் வெயில்ல சும்மா நிக்கிறதால பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், ரப்பர் மட்டும் செத்துக்கிட்டு வரும், அஞ்சாறு வருஷம் ஆனா மாத்திடுங்கன்னுதான் நான் சொல்றது. எஸ்டி டயர்ல (ட்ரெய்லருக்குன்னே செய்யுற டயர்) வேற வேகம் எதுவும் போடலன்னா மணிக்கு 65 மைலுக்கு மேல ஓட்டாதீங்க, ஐ-10 ஹைவேல 75 போர்டு கண்டா எல்லாருக்கும் காலு அழுத்துது.

சென்சார் வாங்குறப்போ ஸ்டெப்னிக்கும் ஒண்ணு சேத்து வாங்குங்க. அதுவும் மத்த டயரோட ஒரே நாள் வந்ததுதான், யாரும் அதுக்கு காத்து பாக்குறதில்ல, ரோட்டோரம் ஜாக்கி போட்டு இறக்கினா 30 பிஎஸ்ஐயோட வருது.