லிமெரிக்கில் ஓட்டுப் போட்ட கதை

அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது முடிந்து இங்கே குடியிருந்தால் போதும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன விசா என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்காக வந்து இரண்டு மூன்று வருடம் ஆன நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. எனக்குச் சொன்னவர் லிமெரிக்கில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு நாமக்கல் அண்ணன். "வாடகை ஏறிப்போச்சு, பஸ் நேரத்துக்கு வரல, க்ரெஷ்ல இடமில்லன்னு வாரா வாரம் புலம்புறீங்கல்ல தம்பி? முதல்ல லிஸ்ட்ல பேரைச் சேருங்க. அப்புறம் புலம்பலாம்" என்றார்.

பேர் சேர்ப்பது சுலபம். 'செக் த ரெஜிஸ்டர்' என்ற அரசுத் தளத்தில் பிபிஎஸ் எண் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்), பிறந்த தேதி, வீட்டின் எயர்கோட் (அஞ்சல் குறியீடு) மூன்றையும் கொடுத்தால் முடிந்தது. முன்பெல்லாம் கடைசி நேரத்தில் சேர்பவர்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கார்டா ஸ்டேஷனுக்குப் போய், போலீஸ்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டுமாம். 2022-ல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பட்டியல் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது. தேர்தல் வரும்போது ஒரு கடைசித் தேதி மட்டும் உண்டு. 2024 ஜூன் 7 தேர்தலுக்கு அது மே 20. சேர்ந்த பிறகு பட்டியலில் என் பெயருக்கு நேரே 'எல்' என்று ஓர் எழுத்து இருந்தது. உள்ளாட்சிக்கு மட்டும் தகுதி உள்ளவர் என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியக்காரர்களுக்கு 'ஈ', பிரிட்டிஷ்காரர்களுக்கு 'டி'. ஐரிஷ் குடிமக்களுக்கு எழுத்தே கிடையாது. அவர்களுக்கு எல்லாத் தேர்தலும் உண்டு.

லிமெரிக்கில் அந்த ஜூன் மாதம் கொஞ்சம் விசேஷமானது. 40 கவுன்சிலர்களோடு சேர்த்து மேயரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அயர்லாந்திலேயே இது முதல்முறை. 2019-ல் லிமெரிக், கார்க், வாட்டர்ஃபோர்ட் மூன்று ஊர்களிலும் நேரடி மேயர் வேண்டுமா என்று கேட்டதில், லிமெரிக் மட்டும்தான் வேண்டும் என்றது. அதைச் சட்டமாக்க அரசுக்கு ஐந்து வருடம் ஆனது. இந்த நாட்டில் எதுவும் அவசரமாக நடக்காது என்பதற்கு வேறு உதாரணம் தேடவே வேண்டாம்.

ஓட்டுச் சாவடி பக்கத்து ஆரம்பப் பள்ளி. வாக்காளர் அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். விரலில் மை இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு மேஜை, பெயரைக் கோடிழுக்கும் ஓர் அம்மா, மரத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். எனக்கு முன்னால் நின்ற போலந்துக்காரருக்கு மூன்று தாள் கொடுத்தார்கள், எனக்கு இரண்டு. அவருடைய மூன்றாவது தாள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு. அயர்லாந்து தெற்குத் தொகுதியில் 23 பேர் நின்றார்கள். தாளை மடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் இந்திய மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. வெளிநாடுவாழ் இந்தியர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். ஏப்ரலில் அதற்காக யார் விமானம் ஏறுவது?

ஓட்டுப் போடும் முறைதான் இங்கே தனியாகப் பழக வேண்டிய விஷயம். தாளில் கட்சிச் சின்னம், வேட்பாளர் படம், பெயர் எல்லாம் அகர வரிசையில் இருக்கும். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் எண் போட்டுக்கொண்டே போகலாம். நான்கு இடம் உள்ள தொகுதி என்றால், செல்லும் ஓட்டுகளை ஐந்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவது கோட்டா. அதைத் தொட்டவர் ஜெயித்தார். கோட்டாவுக்கு மேல் அவர் வாங்கிய ஓட்டு, அந்தச் சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவருக்குப் போகும். யாரும் கோட்டாவைத் தொடவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை வெளியேற்றி அவருடைய சீட்டுகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். நான் 1 போட்டவர் முதல் சுற்றிலேயே வெளியேறினாலும் என் சீட்டு சாகாது, 2-க்கு நகர்ந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. தாளின் முன்னால் நின்றால்தான் இதன் கஷ்டம் புரியும். பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு நிமிட வேலை. பிடிக்காதவர்களில் யார் பரவாயில்லை என்று வரிசைப்படுத்தத்தான் வீட்டிலேயே உட்கார்ந்து துண்டறிக்கைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. அறவே ஆகாதவர்களை என்ன செய்வது என்பதில் இங்கே இரண்டு தரப்பு உண்டு. எண்ணே போடாமல் விடு என்பார்கள் சிலர். கடைசிவரை எண் போடு, கடைசி இடத்துக்கு மோசமானவரும் படுமோசமானவரும் மோதும்போது உன் சீட்டு வேலை செய்யும் என்பார்கள் மற்றவர்கள். அண்ணன் இரண்டாவது தரப்பு. நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

இந்த முறையால் அரசியல்வாதிகளின் நடத்தையே மாறிவிடுகிறது. வாசலுக்கு வருபவரிடம் "மன்னிக்கணும், என் முதல் ஓட்டு இன்னொருத்தருக்கு" என்றால் முகம் சுளிக்க மாட்டார். "சரி, இரண்டாவது ஓட்டை எங்களுக்குக் கொடுங்க" என்பார். எதிராளியின் ஆதரவாளரிடமிருந்தும் 3, 4 வாங்கினால்தான் கடைசி இடம் கிடைக்கும் என்பதால் யாரும் யாரையும் ரொம்பத் திட்டுவதில்லை. எனக்கு இந்த நாட்டு அரசியலில் மிகவும் பிடித்தது இதுதான்.

மேயராக ஜான் மோரன் வந்தார். சுயேச்சை, நிதித்துறையின் முன்னாள் தலைமைச் செயலர். பதவிக்கு எவ்வளவு அதிகாரம் உண்மையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அந்தக் கோடையிலேயே கில்லார்னி ஊரில் எனக்குக் குடியுரிமை விழா. ஐந்து வருடக் குடியிருப்புக் கணக்கு, விண்ணப்பத்துக்கு 175 யூரோ, சான்றிதழுக்கு 950 யூரோ, அப்புறம் நீண்ட காத்திருப்பு. ஒரு பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கானவர்களோடு எழுந்து நின்று நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சொன்னால் ஐரிஷ்காரர் ஆகிவிடலாம். இந்தியக் குடியுரிமை அத்தோடு போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: குடியுரிமை வந்தவுடன் வாக்காளர் பட்டியல் தானாக மாறாது. கவுன்சிலுக்குத் தெரிவித்தால்தான் அந்த 'எல்' நீங்கும். நவம்பர் 29 பொதுத் தேர்தலுக்கு நவம்பர் 12 கடைசி நாள். நான் ஆகஸ்டிலேயே முடித்துவிட்டேன்.

பொதுத் தேர்தல் என்றால் மின்கம்பமெல்லாம் முகங்கள். தேர்தல் நாள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான், அதுவும் அதிகபட்சம் 30 நாள் முன்பிருந்து கட்டலாம், முடிந்து ஏழு நாளுக்குள் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரும் வாக்காளர்களுக்கு ஒரு கடிதத்தைத் தபால் செலவில்லாமல் அனுப்பலாம் என்பதால் கதவிடுக்கு வழியாகத் தினமும் காகிதம் விழும். வாசலிலும் ஆள் மாற்றி ஆள். இங்கே எல்லோரையும் முதல் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1982-லிருந்து எங்கள் தொகுதியின் உறுப்பினராக இருக்கும் வில்லி ஓடேயும் எல்லோருக்கும் வெறும் வில்லிதான். நமக்கு வாய் வரவில்லை. என் மனைவி கடைசிவரை 'சார்' என்றே சமாளித்தாள்.

வந்தவர்களிடமெல்லாம் நான் கேட்டது வீடு பற்றி. 2024-ல் கிட்டத்தட்ட 40,000 வீடுகள் கட்டி முடிந்துவிடும் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். ஜனவரியில் வந்த கணக்கு 30,330. தேர்தலுக்கு முன்னால் இந்த எண் தெரிந்திருந்தால் என் வரிசை இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். அக்கம்பக்கத்து ஐரிஷ்காரர்கள் கேட்டது மருத்துவமனை பற்றி. 2009-ல் என்னிஸ், நீனா ஊர்களின் அவசரப் பிரிவுகளை மூடிய பிறகு, மத்திய மேற்குப் பகுதி முழுக்க டூராடாயிலில் உள்ள ஒரே பெரிய மருத்துவமனையை நம்பி இருக்கிறது. படுக்கை இல்லாமல் ட்ராலியில் படுக்க வைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை செவிலியர் சங்கம் தினமும் வெளியிடும். லிமெரிக் பெயர்தான் வழக்கமாக மேலே இருக்கும். அப்புறம் எல்லோருக்கும் பொதுவான கோபம் ஒன்று இருந்தது: நாடாளுமன்ற வளாகத்தில் 18 சைக்கிள் நிறுத்த 3,36,000 யூரோ செலவில் போட்ட கூரை. ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து 1,300 கோடி யூரோ வரிப் பாக்கி வர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அவ்வளவு பணம் வரும் நாட்டில் மக்கள் பேசியது அந்தக் கூரையைப் பற்றித்தான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கோடிகள் யாருக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை, கூரை தெரிகிறது.

கட்சிகளைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. ஃபியனா ஃபால், ஃபினா கேல் இரண்டுக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம் என்று ஆபீஸில் கேட்டால் சிரிப்பார்கள். 1922-23 உள்நாட்டுப் போரில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் தொடங்கிய பிளவு. நம்மூர் திமுக, அதிமுக குடும்பங்கள் போல, தாத்தா எந்தக் கட்சியோ பேரனும் அந்தக் கட்சி. 2020-ல்தான் முதல்முறையாக இரண்டும் சேர்ந்து ஆட்சி அமைத்தன, க்ரீன் கட்சியையும் சேர்த்துக்கொண்டு. எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் வீட்டுப் பிரச்சினையில் நன்றாகப் பேசுகிறது. ஆனால் குடியேற்றம் பற்றிக் கேட்டால் வேட்பாளருக்கு ஒரு பதில். அது எனக்கு நெருடியது. குடியேறியவர்களால்தான் வீடு இல்லை என்று அச்சடித்துப் போட்டவர்களை என் வரிசையின் அடியில் வைத்தேன். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவனிடமே அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

என் முதல் எண் யாருக்கு என்று சொல்லப்போவதில்லை. 3 க்ரீனுக்கு என்பதைச் சொல்லலாம். 2022-ல் பஸ், ரயில் கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தது அவர்கள் அமைச்சகத்தில் இருந்தபோது. அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. 12 இடம் வைத்திருந்த கட்சி ஒன்றோடு நின்றது. லிமெரிக் நகரத் தொகுதியிலும் அவர்களுடைய இடம் போய், லேபரின் கானர் ஷீகன் உள்ளே வந்தார். பெரிய கட்சிகள் செய்ததற்கெல்லாம் கூட இருந்த சின்னக் கட்சி அடி வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2016-ல் லேபர் வாங்கியது, 2024-ல் க்ரீன். ஓட்டுப் போட வந்தவர்கள் 60 சதவீதத்துக்கும் கீழே.

முடிவு: ஃபியனா ஃபால் 48, ஷின் ஃபேன் 39, ஃபினா கேல் 38. மொத்தம் 174 இடம், பெரும்பான்மைக்கு 88. ஃபியனா ஃபாலும் ஃபினா கேலும் சேர்ந்தால் 86. இரண்டு இடத்துக்காக சுயேச்சைகளோடு ஜனவரிவரை பேரம். அரசை ஆதரிக்கும் சுயேச்சைகள் சிலர் எதிர்க்கட்சி வரிசையின் பேச்சு நேரத்தையும் கேட்டதில் சபையே அமளியாகி, பிரதமர் தேர்வு ஒரு நாள் தள்ளிப்போனது. ஜனவரி 23-ல் ஃபியனா ஃபாலின் மிஹால் மார்ட்டின் பிரதமரானார். ஒப்பந்தப்படி 2027 நவம்பரில் பதவியை ஃபினா கேலின் சைமன் ஹாரிஸுக்குக் கொடுப்பார். அரசுக்கு ஆதரவாக ஓட்டு, எதிர்க்கட்சியாகப் பேச்சு என்ற அந்த ஏற்பாட்டை நான் வெட்கக்கேடாகத்தான் பார்க்கிறேன்.

2025 கோடை எங்களுக்கு நன்றாக இல்லை. டப்ளினின் டல்லா பகுதியில் ஓர் இந்தியரைக் கூட்டமாகத் தாக்கியது, அதைத் தொடர்ந்த சம்பவங்கள், இந்தியத் தூதரகத்தின் எச்சரிக்கை, ஃபீனிக்ஸ் பூங்காவில் நடக்க வேண்டிய இந்திய தினக் கொண்டாட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தெரு விளக்குக்காக ஒரு முறை பேசிய கவுன்சிலர் ஒருவர், நாங்களாகக் கேட்காமலே எங்கள் குடியிருப்புக்கு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். வேறு பெரிதாக எதுவும் செய்ய அவரால் முடியாது. ஆனால் வந்தார்.

அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல், குடிமக்களுக்கு மட்டுமானது. தாளில் மூன்றே பெயர். அதில் ஃபியனா ஃபாலின் ஜிம் கேவின், ஒரு பழைய வாடகைதாரருக்குத் திருப்பித் தர வேண்டிய 3,300 யூரோ விவகாரம் வெளிவந்ததும் விலகிவிட்டார். அதற்குள் கெடு முடிந்திருந்ததால் பெயர் தாளிலேயே தங்கிவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கே 1 போட்டார்கள். இடதுசாரிக் கட்சிகள் ஆதரித்த சுயேச்சை கேத்தரின் கானலி 63 சதவீதத்தோடு ஜெயித்தார். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் சீட்டைச் செல்லாததாக்கியது. அதில் கோபம் இருந்தது, வெறுப்பும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது சரியில்லை.

ஜனாதிபதி வேட்பாளராக நிற்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 20 உறுப்பினர் அல்லது நான்கு கவுன்சில்கள் முன்மொழிய வேண்டும். இந்த முறை கவுன்சில் வழியாக ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அந்தக் கவுன்சில்களை 'எல்' எழுத்துக்காரர்களும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-ல். வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடம் கேட்க ஒரு கேள்வி எடுத்து வைத்திருக்கிறேன்: கட்சி பலம் இல்லாத ஒருவர் முன்மொழியச் சொல்லி வந்தால், உங்கள் கட்சித் தலைமை வேண்டாம் என்றாலும் கை தூக்குவீர்களா? பதிலைப் பொறுத்துத்தான் எண் 2 யாருக்கு என்பது.