பதினாறரை மில்லிமீட்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கார் வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்க, உள்ளே பலகையின் மேல் 1960களின் தொடக்கத்து நேட்டால் வடகரையின் ஒரு துண்டு மாதிரி ரயில் பாதையாக உருவாகிக்கொண்டிருக்கிறது. அவோக்காவுக்கும் வெருலத்துக்கும் இடையில் நானாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு சிறு நிலையம் அது. ஐம்பது வயதுக்கு மேல் பொம்மை ரயிலா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். பொம்மைதான். ஆனால் அது அளவுக்குக் கட்டுப்பட்ட பொம்மை. என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கட்டுப்பாடுதான்.

உலகெங்கும் அதிகம் விற்கும் மாதிரி ரயில்கள் 1:87 அளவில், அதாவது உண்மையின் 87இல் ஒரு பங்காக, ஆனவை. அவற்றின் தண்டவாள அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமான 1435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கினால் அந்த அளவு வரும். தென்னாப்பிரிக்காவின் பிரதான பாதைகளோ 1067 மில்லிமீட்டர்தான். இத்தாலிய லீமா நிறுவனம் நம் நாட்டு எஞ்சின்களையும் பெட்டிகளையும் அந்தச் சிறிய அளவில் செய்து, வழக்கமான தண்டவாளத்திலேயே ஓடவிட்டது. சிறுவயதில் அதை வைத்து விளையாடியவன்தான் நான். இன்று பார்த்தால் பெட்டிகள் காலை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றுகின்றன. ஆனால் 1067ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.67. வேறொரு நாட்டு ரயிலுக்காகச் செய்த தண்டவாளம், அளவை 1:64 ஆக மாற்றியவுடன், நம் பாதைக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடுகிறது. பிழை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை முதன்முதலாகக் கணக்கிட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கரும்புத் தோட்டங்களின் 610 மில்லிமீட்டர் குறும்பாதைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் ஓரளவு ஒத்துவருகிறது.

இந்த அளவில் கடையில் தயாராகக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும். மூன்று மீட்டர் உயரக் கரும்பு 47 மில்லிமீட்டர் ஆகிறது. கோயிலில் உடைத்த தேங்காய்களின் நாரைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, கற்றை கற்றையாக ஒட்டுகிறேன். மூன்று மாலைகள் உழைத்தால் உள்ளங்கை அகலத் தோட்டம் விளையும். என் கராஜின் ஐந்தரை மீட்டர் நீளத்தில் உண்மைப் பாதையின் 350 மீட்டர்தான் அடங்கும்.

தாத்தா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர். அப்படியிருந்தும், முதல் பாதையைத் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளியே விடாமல் பதித்தேன். ஜூலை மாத வறண்ட காற்றில் பலகை சுருங்கியது, உலோகம் அதனுடன் சுருங்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் தண்டவாளம் பாம்புபோல் நெளிந்து கிடந்தது. தாத்தா இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

நிலையக் கட்டடத்தைச் செய்யத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953இன் தனி வசதிகள் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது: பயணச்சீட்டு ஜன்னல் இரண்டு, காத்திருப்பு அறை இரண்டு, பெஞ்சுகளும் தனித்தனி. அறுபது சென்டிமீட்டர் அறிவிப்புப் பலகை என் அளவில் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ‘நெட் பிளாங்கஸ்’, அதாவது வெள்ளையருக்கு மட்டும், என்று அதில் எழுதப் பூதக்கண்ணாடி வேண்டும். ஓய்வுநேர மகிழ்ச்சிக்கான பொழுதுபோக்கில் இதெல்லாம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சக்கரத்தின் ஆரங்களை எண்ணிச் சரிபார்க்கிற நான், அந்தப் பலகையை மட்டும் எப்படி மறந்துவிட முடியும்? எழுதி ஒட்டிவிட்டேன்.

இரண்டாவது ஜன்னலின் முன் பதினொரு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் 25 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பவர் எங்கள் ஆயா, அதாவது பாட்டி. அவர் ரயிலுக்குக் கிளம்பும்போது உடுத்தும் புடவை பச்சை என்று அம்மா சொல்கிறார். அரக்கு என்று மாமா அடித்துச் சொல்கிறார். வழக்கு தீரும்வரை ஆயா வெள்ளை அடிப்பூச்சிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.