ரயிலுக்கு முன்னால் கொஞ்சம் தஞ்சாவூர்

தஞ்சாவூரில் பாதி நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நேரே பெரிய கோயிலுக்கு ஓடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மத்தியான வெயிலில் செருப்பை விட்டுவிட்டு அந்தப் பெரிய கல் முற்றத்தில் இறங்கினால், கோபுரம் பார்க்க மாட்டீர்கள், எங்கே நிழல் என்றுதான் பார்ப்பீர்கள். சந்நிதியும் அப்போது சாத்தியிருக்கும்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் நானும் அத்தையும் பஸ் ஏறி இரண்டு மணி வாக்கில் தஞ்சாவூர் வந்துவிட்டோம். சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரிதான். அத்தை தயாராக ஒரு பட்டியல் வைத்திருந்தார்: அரண்மனை, சரஸ்வதி மகால், பெரிய கோயில், புன்னைநல்லூர் மாரியம்மன், முடிந்தால் திருவையாறு. "அத்தை, இரண்டே இடம். அதுவும் முதலில் அரண்மனை" என்றேன். "உன் கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி அடம் பிடிக்கலையே" என்றபடி ஆட்டோவில் ஏறினார்.

அரண்மனை நாயக்கர்கள் தொடங்கியது, மராட்டியர்கள் வளர்த்தது. பார்க்க நிறைய உண்டு. ஆனால் நேரம் இல்லாதவர்கள் தர்பார் மண்டபம், மாடிப்படி எல்லாவற்றையும் ஒரு பார்வையோடு விட்டுவிட்டுக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளிடம் போய்விடுவது நல்லது. (மத்தியான இடைவேளை உண்டா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) அங்கேயும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் எங்கே என்று கேட்டு, அவர் முன்னால் நில்லுங்கள். கால் மாற்றி ஒயிலாக நிற்கிறார். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார். ஒரு கையை மடக்கி எதன்மேலோ வைத்திருக்கிறார். அந்த 'எது' இல்லை. காளை காணாமல் போய்விட்டது, கை மட்டும் அதை நம்பி அப்படியே இருக்கிறது. அத்தை பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். "மாடு இருந்திருந்தா நாம மாட்டைத்தான் பார்த்திருப்போம்" என்றார். எந்த வழிகாட்டியும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிலை செய்த ஆண்டு 1011. பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்தது 1010. அரண்மனையை முதலில் பார்க்கச் சொல்வதற்கு வெயிலைத் தவிர எனக்கு இருக்கும் காரணம் இதுதான். அதே ஒன்றிரண்டு வருஷத்துக் கைகள் செம்பில் என்ன செய்தன என்று பார்த்துவிட்டுப் போனால், கல்லில் செய்ததைப் பார்க்கும்போது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது.

வழியில் ஒரு காபி. நாலு மணிக்கு மேல் கோயில்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். அதனால் எனக்கு இந்தக் கோயிலில் பிடித்தது 216 அடி விமானம் அல்ல, அதன் அடியில் இருக்கும் கணக்குப் புத்தகம். விமானத்தின் வடக்குப் பக்கம் போய், மேலே அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, இடுப்பு உயரத்தில் பாருங்கள். வரிவரியாக எழுத்து. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அங்கேதான் தொடங்குகிறது. அக்கன் என்பது குந்தவை. தனக்கு அடுத்தபடி அக்காவின் பெயர், அதற்கப்புறம்தான் மனைவிமார். அத்தைக்கு இது ரொம்பவே பிடித்துவிட்டது. என் அப்பாவுக்குப் போன் போட்டு, "பாருடா, ராஜராஜனே அக்காளை எங்கே வச்சிருக்கான்னு" என்று அங்கிருந்தே ஒரு பிடி பிடித்தார்.

கணக்கு என்றால் சும்மா கணக்கு இல்லை. கலசத்துச் செப்புக்குடம் 3083 பலம். அதற்குப் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. (பலம், கழஞ்சு இரண்டும் அந்தக் காலத்து எடை அளவுகள்.) அந்த அரையை விடவில்லை பாருங்கள்! நகை என்றால் கோத்த சரடை நீக்கிவிட்டு நிறை எடுத்திருக்கிறார்கள். எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி என்று தரம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு எங்களிடம் வரும் ஸ்டாக் ரிஜிஸ்டர்களில் பாதி இந்த லட்சணத்தில் இருந்தால் மார்ச் மாதம் நாங்கள் நேரத்துக்கு வீடு போவோம்.

கோயிலில் ஆட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்தார்கள். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசுக்கு அரைக்கால் காசு வருஷ வட்டி வாங்கினார்கள். பன்னிரண்டரை சதவீதம். கொடுக்கல் வாங்கல் சண்டேசுவரர் பெயரில். வடக்கே தனிச் சந்நிதியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் அவர் முன்னால் கையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு சக ஊழியருக்குச் சொல்வதுபோல் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த எழுத்துகளைப் படித்துத்தான் கட்டியவன் யார் என்பதே உறுதியானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஸ் இவற்றைப் படித்து வெளியிடும்வரை, கரிகாலன் கட்டியது என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய விமானத்துக்குச் சாட்சி சொன்னது அதன் அடியில் இருந்த பற்று வரவுதான்.

நிழல் தரையில் விழாது என்று ஒருவர் தன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நின்றுகொண்டிருந்ததே விமானத்தின் நிழலில்தான். வாயைத் திறக்கப் போனேன், அத்தை கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சாயங்காலம் விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம் போய்விடுங்கள். நந்தி இருக்கும் முன்பக்கம் கூட்டம். நந்தி அழகுதான், ஆனால் அது நாயக்கர் காலத்தது, ராஜராஜன் அதைப் பார்த்ததில்லை. வெயில் சாயும்போது வெளிச்சம் முழுக்க விமானத்தின் மேற்கு முகத்தில் விழுகிறது. திருச்சுற்று மாளிகைத் திண்ணையில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம். அந்தச் சுற்று மாளிகையை எடுத்தவர் சேனாபதி கிருஷ்ணன் ராமன். அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அத்தை அங்கே உட்கார்ந்து காலை நீட்டியவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். அதனால் பக்கத்துச் சிவகங்கைத் தோட்டத்தில் இருக்கும் 1779ஆம் வருஷத்து ஸ்வார்ட்ஸ் தேவாலயம் போச்சு. இரண்டாம் சரபோஜி தன் குரு ஸ்வார்ட்ஸை மரணப் படுக்கையில் வந்து பார்க்கும் சலவைக்கல் சிற்பம், ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது, அங்கே இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் உள்ளவர்கள், கதவு திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

வெளியே வந்ததும் தலையாட்டி பொம்மைக் கடையில் அத்தைக்குத் திடீரென்று காலில் பலம் வந்துவிட்டது. பேரம் பேசி இரண்டு வாங்கினார். ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில், "அந்தப் பன்னிரண்டரை வட்டி இப்போ எந்த பேங்க்லடி குடுக்கிறான்?" என்று கேட்டார். ரயில் கிளம்பும்வரை இதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.