வெறும் கல்லுல அடிக்கான்

எங்கள் பட்டறை புளியரையில், கேரளா போகும் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அருவாளுக்கும் மண்வெட்டிக்கும் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். ரப்பர் வெட்டும் கத்திக்கு ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து ஆள் வரும். போன வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. உலைக்குக் காற்று இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அப்பாவுக்கு செல்லில் ஒரு பாட்டுப் போட்டேன்.

மார்த்தினேத்தே. ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், ஜிப்சிக் கொல்லர்கள் பட்டறையில் பாடியது என்று சொல்லப்படுகிற பாட்டு. அந்த ஊர் ஃபிளமெங்கோ இசையில் ஒரு வகை. கிட்டார் கிடையாது. குரலும் பட்டடைக்கல்லில் விழுகிற சுத்தியலும்தான்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏல, வெறும் கல்லுல அடிக்கான்" என்றார்.

சரிதான். பழுக்கக் காய்ந்த இரும்பு கல்லின் மேல் இருந்தால் அடி தொப்பென்று அமுங்கும். நடுவில் கையை ஆற்ற வெறும் கல்லைத் தட்டும்போதுதான் அந்தக் கணீர் வரும். மேடையில் எவன் உலை மூட்டப்போகிறான்?

"தொண்டை நல்லாருக்கு. ஆனா ஏன் இப்படி அழுதான்?" என்று கேட்டார். ஃபிளமெங்கோ பாடகர் கமரோன் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்த ஆளால்தான்.

1950இல் காதிஸ் பக்கம் சான் ஃபெர்னாந்தோவில் பிறந்தவர். நிஜப் பெயர் ஹொசே மோன்ஹே க்ரூஸ். வெளுத்த தோல், செம்பட்டை முடி. அதைப் பார்த்து மாமா ஒருவர் வைத்த பட்டப்பெயர்தான் கமரோன். இறால் என்று அர்த்தம். (மலைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் கொஞ்சு என்று கூப்பிட்டிருப்பார்கள்.) அவருடைய அப்பா கொல்லர். பையன் சின்னவனாக இருக்கும்போதே இளைப்பு நோயில் போய்விட்டார். அம்மா துப்புரவு வேலைக்குப் போனார். பையன் எட்டு வயதில் சத்திரங்களிலும் பஸ் ஸ்டாப்பிலும் பாடிக் காசு சேர்த்தான். இதைச் சொல்லும்போது அப்பா சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

16 வயதில் மைரேனா தெல் அல்கோர் ஊர்ப் பாட்டு விழாவில் முதல் பரிசு. அப்புறம் மாத்ரித். மின்னல், மேதை என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பது 1968இல் தோரெஸ் பெர்மெஹாஸில் சேர்ந்ததுதான். சாப்பாடும் ஆட்டமும் ஒன்றாக நடக்கிற இடம். அங்கே 12 வருஷம். முன்னால் தட்டும் கரண்டியும் சத்தம் போட, ராத்திரி ராத்திரி பாட்டு. வேலை என்றால் அதுதான் வேலை. இடையில் 1969 முதல் 1977 வரை பாக்கோ தெ லூசியாவின் கிட்டாரோடு ஒன்பது இசைத்தட்டுகள்.

1979இல் 'லா லெயெந்தா தெல் தியெம்போ' என்ற இசைத்தட்டு வந்தது. ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகள், டிரம்ஸ், எலெக்ட்ரிக் பேஸ், சித்தார். கிட்டாருக்கு இளவட்டம் தொமாத்தித்தோ. பழைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. இது கமரோனே இல்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு என்பார்கள். விற்பனை படுமோசம். இன்றைக்கு அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

பவர் ஹாமர் என்கிற மெஷின் சுத்தியல் வாங்கிய வருஷம் எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. புனலூர்க்காரர் ஒருவர் ஆறு கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது அச்சன் அடிச்சதல்ல" என்றார். இரண்டில் வளைவு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மீதி நாலும் அப்பா கையால் அடித்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

1989இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு 'சோய் கித்தானோ' இசைத்தட்டு. 1992 ஜூலை 2, நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். 41 வயது. என்னைவிட இரண்டு வயது கம்மி.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. புளோயரைப் போட்டேன். கரி பிடிப்பதற்குள் அப்பா எழுந்து வந்து, சின்னச் சுத்தியலால் எங்கள் கல்லை ரெண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அவன் கல்லு பேசுது. நம்ம கல்லுக்கு அடிக்கட்டை இளகிக் கெடக்கு. நாளைக்கு எடுத்து வச்சுக் கெட்டிக்கணும்."