பெயரும் க்கும்

மார்ச் 4

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். அதன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிட்டேன். வார்ப்புரு நூலகத்தை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் முதலிலிருந்து எழுதுகிறேன். வார்ப்புரு என்றால் துண்டுகளின் வரிசை. சில துண்டுகள் அப்படியே அச்சாகும் எழுத்து, மற்றவை நிரப்ப வேண்டிய இடம். இரண்டு வார்ப்புருக்களைச் சேர்த்தால் இன்னொரு வார்ப்புரு. காலி வார்ப்புருவும் வார்ப்புருதான். கணிதத்தில் இப்படிச் சேர்வதற்குப் பெயர் மோனாய்டு, அவ்வளவே. இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்துகிறது.

மார்ச் 5

அப்பா கண் திறந்தார்.

மார்ச் 6

காலையில் பில்லிங்கிலிருந்து குறுஞ்செய்தி. "அன்புள்ள , தங்கள் முன்பணம்..." பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் காற்புள்ளி. உள்ளே படுத்திருப்பவருக்குப் பெயரே இல்லாத மாதிரி. கோபம் அடங்க மதியம் ஆனது.

முஸ்டாஷ் என்ற வார்ப்புருக் கருவியின் இயல்பே இதுதான். மதிப்பு கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போய்விடும். என் நூலகம் அப்படிச் செய்யக் கூடாது. வார்ப்புருவே ஒரு ஃபங்ஷனாக, மதிப்பைக் கொடுத்தால் விடையைத் தருவதாக, இருக்கட்டும். பெயர் தராமல் கூப்பிட்டால் நிரல் கம்பைல் ஆகவே கூடாது, ஓடும் முன்பே பிழை காட்ட வேண்டும். 1998இல் கணினியியலாளர் ஒலிவியே டான்வி காட்டிய வழி இதற்குத் தோதானது: வார்ப்புருவில் ஓர் இடம் கூடினால் ஃபங்ஷனின் டைப்பில் ஓர் ஆர்குமென்ட், அதாவது அது கேட்டு வாங்கும் மதிப்பு, கூடும்.

மார்ச் 7

தூக்கம் இல்லை. டியூப் இன்னும் எடுக்கவில்லை.

மார்ச் 8

க்கு. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

முருகன் என்றால் முருகனுக்கு. ராஜா என்றால் ராஜாவுக்கு. இதற்கெல்லாம் விதி எழுதிவிடலாம். செல்வம், செல்வத்துக்கு. சரி, "ம்" போய் "த்து" வரும் என்று எழுதினேன். விக்ரமைக் கொடுத்ததும் "விக்ரத்துக்கு" என்று வந்து நிற்கிறது. இரண்டு பெயரும் "ம்"மில்தான் முடிகின்றன. எழுத்தை மட்டும் பார்த்து எந்த விதியாலும் பிரிக்க முடியாது, காதுக்குத்தான் தெரியும். அப்படியானால் இடத்தில் போய் உட்கார வேண்டியது வெறும் எழுத்துச் சரம் அல்ல. வேற்றுமையைக் கொடுத்தால் சொல்லைத் தரும் ஃபங்ஷன். பெயர் தன் எட்டு உருவத்தையும் தானே சுமந்துகொண்டு வரட்டும்.

மார்ச் 10

டியூப் எடுத்தாயிற்று. குரல் இன்னும் வரவில்லை. என்ன எழுதிக்கொண்டே இருக்கிறாய் என்று கையால் கேட்டார். சொன்னேன். அப்பா முப்பது வருஷம் அச்சுக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகைக்கு, கோத்த எழுத்துக் கட்டான ஃபாரத்தைக் கலைக்காமல் கட்டியே வைத்திருப்பார், பெயரும் தேதியும் மட்டும் மாற்றுவார். பெயர் ஒரு வரி, அடுத்த வரியில் தனியாக "க்கும்". சின்ன வயதில் அந்த ஈய எழுத்துகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு கனம்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோணல் கோணலாக எழுதிக் காட்டினார்: அவர்கள்.

ஆமாம். "விக்ரம் அவர்களுக்கும்." பெயரைத் தொடவே வேண்டாம். உருபு முழுவதையும் "அவர்கள்" வாங்கிக்கொள்ளும்.

மார்ச் 11

ஆனால் ஊர்ப் பெயருக்கு? சேலத்தில், ஈரோட்டில், கரூரில். "ஈரோடு அவர்களில்" என்று எழுத முடியாது. ஃபங்ஷன் இருக்கட்டும். மனிதர்களுக்கு அப்பாவின் வழி, ஊர்களுக்கு என் வழி.

மார்ச் 12

நெடுவரிசை கோணுகிறது. "முருகன்" நீளம் எத்தனை என்று கேட்டால் ஹாஸ்கல் 7 என்கிறது, புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால். அப்பாவிடம் காட்டினேன். நான்கு விரல் நீட்டினார்.

மார்ச் 13

மறுபடி ஐசியூ.

மார்ச் 14

ஏழு வேற்றுமையும் முடிந்தது. விக்ரம் சரி, செல்வம் சரி, ஈரோடும் சரி. விளிக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் கம்பைலர் அந்த ஒரு வரியைக் காட்டி எச்சரிக்கிறது. உள்ளே கூப்பிடுகிறார்கள்.